நீர்க்காகம்னுதான் கையைக் காட்டினேன்

வண்டிமலை வீட்டுக்கா? உக்காருங்க அண்ணாச்சி, உக்காருங்க. அந்தக் கல்லுல வேண்டாம், எறும்பு இருக்கு. இங்கன வாங்க. ரோடு பிரியுத இந்த விலக்குல இருந்து ஊரு அரை மைலு உள்ள கெடக்கு. வெள்ளை வேட்டி எல்லாம் இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருக்கீய, இந்த வெயில்ல நடந்து போனா வேர்த்து விறுவிறுத்துப் போயித்தான் அந்த வீட்டு வாசல்ல நிக்கணும். செத்த நேரத்துல ஷேர் ஆட்டோ வரும். அதுல ஏறிக்கிடலாம்.

நீங்க சொல்லாமலே எனக்குத் தெரியும். அம்பாசமுத்திரத்துல இருந்து வாரீய. மகனுக்குப் பொண்ணு பாக்கீய. இன்னைக்கு நீங்க மட்டும் வந்து வீடுவாசலப் பாத்துட்டு, மனசுக்குப் பிடிச்சா அடுத்த வாரம் பொம்பளையளக் கூட்டிட்டு வரணும்னு எண்ணம். எப்படித் தெரியும்னு பாக்கீயளா. நான் அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன். சப்பாணிமுத்துன்னு பேரு. பிள்ளையோட அம்மை முப்பிடாதி என் கூடப் பொறந்த தங்கச்சி. நாளைக்கு முகூர்த்தத்துல கனியைக் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து உக்கார வைக்கப் போறவன் நான்தான். அதனால எங்கிட்ட எதுவும் கேக்கலாம். நான் ஒளிச்சுப் பேசுத ஆளு இல்ல.

பிள்ளை தங்கம். அதை மொதல்லயே சொல்லிருதேன். சண்முகக்கனின்னா இந்தச் சுத்துப்பட்டுல தெரியாதவன் கெடையாது. காலேஜ் முடிச்சிருக்கா, பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா இருக்கா. மாநெறம். லெட்சணமா இருப்பா. வாய் மட்டும் கொஞ்சம். அது படிச்ச பிள்ளையளுக்கு இருக்கத்தான் செய்யும்.

தகப்பனுக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்லியிருப்பாவளே.

சொல்லலியா. தரகன் சொல்லலியா. சரி விடுங்க. ஒளிக்கணும்னு நெனச்சிருக்க மாட்டாவ. எப்படிச் சொல்லன்னு இருந்திருப்பாவ. நீங்க ஒண்ணும் பயப்படாண்டாம், பொறவிக் குருடு இல்ல. ரத்தத்துல ஓடுத நோயும் இல்ல. நாளைக்குப் பேரன் பேத்திக்கு வருமோன்னு நீங்க ராத்திரி முழிச்சுக் கெடக்க வேண்டாம். நல்லா இருந்த மனுசன். எங்க குளத்துக்கு மடை தொறந்து விடுத வேலை பாத்தவன். நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் தண்ணிக்குள்ள கண்ணைத் தொறந்துகிட்டே முங்குவான். அது போனது ஒரு தை மாசத்துல. அந்த ஒரு தை மாசத்தைச் சொல்லிட்டேன்னா உங்களுக்கு எல்லாம் வெளங்கிரும். நாளைக்கு வேற எவனாவது வேற மாரி சொல்லுததுக்கு முன்னால நானே சொல்லிருதது நல்லது.

எங்க குளத்தைப் பஸ்ஸுல வரும்போதே பாத்திருப்பீய. கெழக்க தெரிஞ்சுச்சுல்லா, உடை மரமா நிக்கும் தண்ணிக்குள்ள. கார்த்திகை பொறந்தா போதும், பறவை வந்து எறங்கும். நாமக்கோழி, சிறகி, தாரா, எங்கெங்க இருந்தெல்லாமோ வரும். பறவை பின்னாலயே ஜீப்பு வரும். மலைக்கு அந்தப் பக்கத்து ஆளுக, வெளிமாநிலத்து நம்பர். நல்ல வசதியானவுக. அவுக ஊருல சுட முடியாது, கெடுபிடி. இங்க யாரு கேக்கா. ஊருக்குளம், பொதுக்குளம், எவனும் எறங்கலாம். ஒரு ஜீப்பு கெழக்குக் கரையில நிக்கும், இன்னொண்ணு மேலக் கரையில நிக்கும். ரெண்டு பக்கமும் வெடிக்கும். ஒரு வருசம் ஆடு மேச்சுகிட்டு இருந்தவன் முதுகுல ரவை வந்து அடிச்சுட்டு. ரவைன்னா சின்னச் சின்ன ஈயக்குண்டு, ஒரு தோட்டாவுல நூறு இருக்கும். பாவம், ஆட்டுக்காரன் ஒரு மாசம் குப்புறப் படுத்துத்தான் ஒறங்குனான்.

அதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வந்தவன் நான்.

குளத்துக்கரைக்கு வண்டி போறதுக்கு ஒரே பாதைதான். அது என் வயலை ஒட்டிப் போவுது. ரெக்கார்டுல புறம்போக்கும்பாவ. இருக்கட்டும். என் வயலை ஒட்டிப் போற பாதையை நான் பாக்காம வேற யாரு பாப்பா. ரெண்டு கல்லுத்தூணு நட்டி, ஒரு இரும்புக் கேட்டைப் போட்டேன். பூட்டுப் போட்டேன். அதுக்கு அப்புறம் கண்ட ஜீப்பும் உள்ள வர முடியாது. நான் தொறந்து விடுத வண்டிதான் போவணும். தங்கச்சன் முதலாளின்னு ஒருத்தரு, ரப்பர் தோட்டம் வச்சிருக்கவரு, அவரும் அவரு கூட்டாளிய மூணு பேரும். அவுகளுக்கு மட்டும்தான். வேற எவனுக்கும் கெடையாது. வேட்டை நாளுன்னா காலையில ஒம்பது மணி வரைக்கும் ஊர் ஆளும் குளத்துல எறங்கக்கூடாது. துணி தொவைக்கப் போறவளும் ஒம்பதுக்கு மேல போவணும், ஆட்டுக்காரனும் ஒம்பதுக்கு மேல போவணும். எதுக்குச் சொன்னேன்? யார் மேலயும் பட்டுரக் கூடாதுல்லா. அந்த நல்ல எண்ணத்தை ஒருத்தன் நெனச்சுப் பாத்தானா.

எனக்கு அதுல பெருசா ஒண்ணும் வரலை. ஏதோ குடுப்பாவ. அதை விடுங்க. மரியாதை இருக்கு பாத்தீயளா, அது. தங்கச்சன் முதலாளி ஜீப்பை விட்டு எறங்குனதும் 'முத்தண்ணாச்சி'ன்னு கையைக் கூப்புவாரு. அவரு பழைய கோட்டு ஒண்ணு குடுத்தாரு, பித்தளைப் பித்தான் வச்சது. அதைப் போட்டுகிட்டு அந்தக் கேட்டுல நான் நின்னா பஸ்ஸுல போறவன் திரும்பிப் பாப்பான். எங்க ஐயா காலத்துல இருந்து எங்க குடும்பத்துல எவனையும் எவனும் திரும்பிப் பாத்தது கெடையாது. எந்த எடத்துல என்ன பறவை மேயும், வெடி வச்சா எந்தப் பக்கம் பறக்கும், முங்குனது எங்க எந்திரிக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. நான் கையைக் காட்டுவேன், அவுக சுடுவாவ. அவ்வளவுதான் வேலை.

இதுக்குக் குறுக்க வந்து நின்னவன் எவன்னு நெனைக்கீய? எங்க மாப்பிளைதான். என் தங்கச்சி புருசன் வண்டிமலை. ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சு நிக்கான். 'ஊருக்குளத்துக்கு நீரு யாரு வே வாசல் வைக்கதுக்கு?'ங்கான். இருபது பேரு முன்னால. நான் பொண்ணு குடுத்த வீட்டுக்காரன், அண்ணாச்சி. பந்தியில எனக்கு மொத எலை போட வேண்டியவன் அவன். அவன் என்னைய வே-ங்கான். நான் சிரிச்சுகிட்டு வந்துட்டேன்.

ஆட்டோ வருதா? ஆமா, அதுதான். இருங்க. ஏல, போ போ. இன்னைக்கு இங்க யாரும் ஏறலை. போ.

பேச்சைப் பாதியில விட்டுட்டு ஏறக்கூடாது அண்ணாச்சி. தெரியாமப் போறதை விடத் தெரிஞ்சு போறது நல்லதுல்லா. அடுத்த ஆட்டோ வரும்.

அந்தத் தை மாசம் நெல்லு பால் பிடிக்க நேரம். கடைமடை வயலுக்குத் தண்ணி போய்ச் சேரலை. கடைமடையில வண்டிமலைக்குக் காணி நெலம் கெடையாது, எவனெவனோ வயலு. அவுகளுக்காண்டி இவன் துடிக்கான். எங்க நடுமடைக்கு ஷட்டர் பழுதாகி வருசக்கணக்கா ஆச்சு. ஆளு முங்கித்தான் தொறக்கணும். ரெண்டு ஆள் ஆழம். முங்கி, அடைச்சிருக்க வைக்கோலையும் களிமண்ணையும் கொஞ்சமா உருவி, மேல வந்து மூச்சு வாங்கி, மறுபடியும் முங்கணும். நாலு தடவை அஞ்சு தடவை ஆகும். முந்துன நாளு எங்கிட்ட வந்து, 'நாளைக்கு விடிய மடை தொறக்கணும், கேட்டைத் தொறந்து வையும்'னான். நான், நாளைக்கு ஆளுக வாராவ, ஒம்பது மணிக்கு மேலதான் எறங்கணும்னுட்டேன். 'பயிரு ஒம்பது மணி பாக்குமா'ன்னுட்டுப் போயிட்டான். சொன்னேன்லா. நான் சொல்லியாச்சு. சொன்னதுக்கு அப்புறமும் கேட்டை ஏறிக் குதிச்சு ஒருத்தன் எறங்குனா அது யாரு குத்தம்?

மறுநா விடிஞ்சும் விடியாம இருக்கு, ஜீப்பு வந்துட்டு. நான் முன்னால நடக்கேன், அவுக நாலு பேரும் பின்னால வாராவ. நடுமடைக்கிட்ட வந்தேன். மடைக்கல்லுல ஒரு சட்டை தொங்குது. காத்துல ஆடுது. ஆடுனா பறவை மெரளும், அந்தத் தொழில்ல அதெல்லாம் பாக்கணும். எடுத்துச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டேன். யாரு சட்டைன்னு தெரியாதான்னு கேப்பீய. தெரியும். என் தங்கச்சி பொங்கலுக்கு எடுத்துக் குடுத்த சட்டை, எனக்குத் தெரியாதா. ஆளு மடையைத் தொறந்து விட்டுட்டு வாய்க்காப் பாக்கப் போயிருப்பான்னு நெனச்சேன். சட்டை போடாமலா போயிருப்பான்னு கோர்ட்டுல சர்க்காரு வக்கீலு கேட்டான். என்னத்தச் சொல்ல. படிச்சவன் கேக்கத்தான் செய்வான்.

தண்ணியில ஒரு வட்டம் விழுந்துச்சு. கருப்பா ஒண்ணு மேல வந்துச்சு, உடனே உள்ள போயிட்டு. தங்கச்சன் முதலாளி துப்பாக்கியை எடுத்தவரு, தாழ்த்திட்டாரு. 'முத்தண்ணாச்சி, அது ஆளு மாரி இருக்கே'ன்னாரு. நான், ஆளு எப்படி வரும் முதலாளி, நான் சொன்னா இந்த ஊருல ஒருத்தன் எறங்க மாட்டான், அது நீர்க்காகம்னேன். அவருக்குப் பக்கத்துல நின்ன கூட்டாளி ஒருத்தன் சிரிச்சான். ஊரையே கட்டி வச்சிருக்காருப்பான்னான். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு இதுவா இருந்துச்சு. மறுபடி எந்த எடத்துல எந்திரிக்கும்னு கையைக் காட்டினேன்.

சரியா அங்கதான் எந்திரிச்சான்.

நாப்பது அடி இருக்கும். கூட ரெண்டடி தள்ளி எந்திரிச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. அது அவன் நேரம். ரவை மூஞ்சியில பட்டுட்டு. எடது கண்ணுக்குள்ள ஒண்ணு போயிட்டு. அவன் கத்தலை பாத்துக்கிடுங்க. மூக்கு வாயெல்லாம் தண்ணி ஏறிட்டுல்லா, கத்த முடியலை. தங்கச்சன் முதலாளி துப்பாக்கியைக் கீழ போட்டுட்டு பூட்ஸோட தண்ணியில குதிச்சாரு. இழுத்துக் கரையில போட்டாரு. அந்த மனுசன் அழுதாரு அண்ணாச்சி. அவ்வளவு பெரிய முதலாளி, நெஞ்சுல அடிச்சுகிட்டு அழுதாரு. தூக்குங்க ஜீப்புல, திருநெல்வேலிக்குப் போவோம், ஒரு மணி நேரத்துல போயிரலாம்னு ஒரே சத்தம்.

நான்தான் தடுத்தேன். அந்த நேரத்துல நெதானமா இருந்தது நான் ஒருத்தன்தான். ஆஸ்பத்திரிக்குப் போனா போலீசு வரும், வெடி எப்படிப் பட்டுச்சும்பான், கேசு ஆயிரும். அவுக நாலு பேரும் குடும்பஸ்தன். அதுக்குப் பொறவு ஜீப்பு இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்குமா. நீங்க கெளம்புங்க முதலாளி, என் மாப்பிளையை நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லி அனுப்பி வச்சேன். அவரு போகவே மாட்டேன்னாரு. கூட்டாளியதான் பிடிச்சு இழுத்துட்டுப் போனாவ.

தங்கச்சிட்ட முள்ளு குத்திட்டுன்னு சொன்னேன். உடை மரத்துக்கடியில முங்கி எந்திரிச்சவன் கண்ணுல முள்ளு இறங்கிட்டுன்னு. அவளும் நம்புனா. வண்டிமலையும் வாயைத் தொறக்கலை. ஏன் தொறப்பான்? ராத்திரி அவன் பக்கத்துல உக்காந்து சொன்னேன், 'மாப்பிள, நீ இதை வெளிய சொன்னா உன் பொண்டாட்டி கூடப் பொறந்தவன் ஜெயிலுக்குப் போவான், அவ ஒன்னைய மன்னிப்பாளா'ன்னு. அவன் என் கையைப் பிடிச்சு, சொல்லலை மச்சான்னான். ஊர்க்கூட்டத்துல வே-ன்னு சொன்ன வாயி. அன்னைக்குத்தான் மச்சான்னு மரியாதையாச் சொன்னான்.

ஒம்பது நாள் வச்சு வைத்தியம் பாத்தேன் அண்ணாச்சி. நான் கைவிடலை. நந்தியாவட்டைப் பூ பறிச்சுக் கொண்டு வந்து கண்ணுல வச்சுக் கட்டினேன். பச்சைப் பிள்ளைக்காரி ஒருத்தி வீட்டுல போயி தாய்ப்பாலு வாங்கியாந்து ஊத்தினேன். எந்த மச்சான் இந்தக் காலத்துல செய்வான். கண்ணு இந்தா இவ்வளவுக்கு வீங்கிட்டு, சீழு வச்சுட்டு, வாடை. அப்பவும் நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்.

ஒம்பதாம் நாளு கனி வந்தா. அப்போ அவ திருநெல்வேலியில ஆஸ்டல்ல தங்கிப் படிக்கா. பொங்கல் முடிஞ்சு போனவ, சனிக்கெழமை வந்தா. அப்பாவைப் பாத்தா. கட்டை அவுத்தா. கன்னத்தையும் நெத்தியையும் தடவித் தடவிப் பாத்தா. அங்கங்க கருப்புக் கருப்பாப் புள்ளி. என்னைய நிமுந்து பாத்து, 'மாமா, முள்ளு ஒரே நேரத்துல ஏழு எடத்துலயா குத்தும்?'னு கேட்டா. நான் சொன்னேன்லா, வாயி கொஞ்சம்னு. பெரியவன்ட்ட கேக்குத கேள்வியா அது.

அன்னைக்கே காரு பிடிச்சுக் கண்ணாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டா. டாக்டரு என்ன சொன்னாராம், அடிபட்ட கண்ணை எடுக்கணும், அது அழுகி நல்லா இருந்த கண்ணையும் சேத்துப் பிடிச்சுட்டு, அன்னைக்கோ மறுநாளோ கொண்டு வந்திருந்தா வலது கண்ணு தப்பியிருக்கும்னாராம். டாக்டருக அப்படித்தான் சொல்லுவாவ. எது போனாலும் லேட்டா வந்தீயம்பாவ. அந்த வலது கண்ணை நான் தொட்டுக்கூடப் பாக்கலை. அதுல ரவை படலை. அதுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்.

அழுதுட்டு வீட்டோட கெடந்திருந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பிள்ளை அழாது அண்ணாச்சி. அழுது நான் பாத்ததே இல்ல. ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும், திங்கக்கெழமை மனு குடுக்க நாளு, அப்பனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிகிட்டு கலெக்டர் ஆபீசுக்குப் போயிட்டா. அப்பன்ட்ட எல்லாத்தையும் கேட்டு வாங்கி நாலு பக்கம் எழுதியிருக்கா. எம் பேரு எத்தனை எடத்துல இருக்குன்னு என் வக்கீலு எண்ணிச் சொன்னான், பதினொரு எடத்துல. 'என் தாய்மாமன்'னு ஒரு எடத்துல கூடப் போடலை. வெறும் சப்பாணிமுத்து. ஏதோ ரோட்டுல போறவன் பேரு மாரி.

ஃபாரஸ்ட்காரன் வந்தான், போலீசு வந்தான். ஊரே நின்னு பாக்க கேட்டைப் பிடுங்கிப் போட்டான். அந்தக் கோட்டோட என்னைய வண்டியில ஏத்துனான். முப்பத்தேழு நாள் உள்ள இருந்தேன். முட்டிவலிக்காரன், சிமெண்ட் தரையில படுத்துக் கெடந்தேன். யாரு போட்டா? அவ பொறந்தப்போ காதுகுத்துக்கு மடியில வச்சுகிட்டு உக்காந்தவன் நான். தோடு வாங்கிப் போட்டவன் நான். அந்தத் தாய்மாமனை உள்ள வச்சா அந்தப் பிள்ளை. கேசு இன்னும் நடக்கு, மாசம் ஒருக்க வாய்தாவுக்குப் போறேன்.

நான் குத்தமாச் சொல்லலை. நியாயம்னு பட்டுச்சுன்னா யாருன்னு பாக்காமச் செஞ்சிருவா. அதுவும் ஒரு கொணந்தான். நாளைக்கு உங்க வீட்டுக்கு வாரா. மாமியாக்காரி ஏதோ ஒரு கோவத்துல ரெண்டு சொல்லு சொல்லுவா, எந்த வீட்டுல இல்ல. உங்க மகன் கையை ஓங்கிருவான், வயசுப் பையன். அம்மை கூடப் பொறந்த மாமனுக்கே நாலு பக்கம் எழுதுனவ உங்களுக்கு எத்தனை பக்கம் எழுதுவான்னு நான் சொல்ல முடியாது. எழுதாமலும் இருக்கலாம்.

தண்ணி குடிக்கீயளா? நான் கொண்டாந்திருக்கேன், குடிங்க.

இன்னொண்ணு இருக்கு. அதைச் சொல்லணுமா வேண்டாமான்னு எனக்கு யோசனையா இருக்கு. அந்தத் தங்கச்சன் முதலாளி. அவருக்கு நான் என்ன கொறை வச்சேன்? அவரு கோர்ட்டுல வந்து, சுட்டது நான்தான், ஆளு மாரி இருக்குன்னு கேட்டேன், இவருதான் நீர்க்காகம்னு கையைக் காட்டினாருன்னு சொல்லிட்டாரு. தன் மேலயும் குத்தத்தை ஏத்துகிட்டாரு, என் மேலயும் ஏத்திட்டாரு. துப்பாக்கியே வேண்டாம்னு விட்டுட்டாராம். கண்ணு ஆபரேசனுக்குப் பணம் அவருதான் கட்டுனாரு. கனி படிப்பை முடிக்கவும் அவருதான். இன்னைக்கும் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வண்டிமலைக்குப் போனு போட்டுப் பேசுவாரு. வருசத்துல ரெண்டு தடவை நேர்ல வருவாரு. தேங்கா எண்ணெய், நேந்திரங்கா, எல்லாம் வந்து எறங்கும். கனி போயி வாங்கி வைப்பா.

எனக்குத் தெரியும், அவருக்கு அறுவது வயசு. பாவத்துக்குப் பரிகாரம் பண்ணுதாருன்னு எனக்குத் தெரியும். ஆனா ஊரு என்ன சொல்லும்? வேற ஊரு, வேற பாஷை, சொந்தமும் இல்ல பந்தமும் இல்ல, வயசுக்கு வந்த பிள்ளை இருக்க வீட்டுக்கு ஒரு ஆம்பளை வந்து போறாரு, தகப்பனுக்கோ கண்ணு தெரியாது. நான் ஒண்ணும் சொல்லலை. என் வாயால என் மருமவளை நான் சொல்லுவேனா. நாளைக்கு உங்க காதுல விழுந்து, தாய்மாமன் தெரிஞ்சும் மறைச்சுட்டான்னு நீங்க என்னைய நெனச்சுரக் கூடாதுல்லா.

ஏன் அண்ணாச்சி, மூஞ்சி ஒரு மாரி ஆயிட்டு. அட, நான் சும்மா சொன்னேன்.

இப்போ குளத்துக்கு யாரு வேணும்னாலும் போறான். கேமராவைத் தூக்கிகிட்டு மெட்ராஸ்ல இருந்தெல்லாம் வாரான். பாதை தொறந்து கெடக்கு. கனி ஞாயித்துக்கெழமை பள்ளிக்கூடத்துப் பிள்ளையளக் கூட்டிட்டுப் போயி பறவை பேரு சொல்லிக் குடுக்கா. எல்லாம் நான் சொல்லிக் குடுத்த பேரு. சின்னப் பிள்ளையில என் தோள்ல உக்காந்து கேட்ட பேரு. என்னையத் தாண்டித்தான் போவா. மாமான்னு ஒரு வார்த்தை கெடையாது. ஆறு வருசம் ஆச்சு. தப்புத்தான் மாமா, அவசரத்துல செஞ்சுட்டேன்னு அந்த ஒரு சொல்லு வந்து சொல்லியிருந்தா, நான் என்ன மனுசன் இல்லையா. இந்நேரம் அவ கல்யாணத்தை நானே முன்ன நின்னு முடிச்சு, ரெண்டு பிள்ளை இருந்திருக்கும்.

தங்கச்சி அப்படி இல்ல. ஒண்ணரை வருசம் பேசாம இருந்தா, அப்புறம் அவளே வந்தா. தாய்மாமன் இல்லாம எந்தப் பிள்ளைக்குத் தாலி ஏறும். வர்றவன் மொதல்ல மாமன் எங்கம்பான்லா. எங்க வாசல்ல வந்து நின்னு, 'பழசை மறந்துரு அண்ணே, எம்பிள்ளைக்கு நீதான் நிக்கணும்'னு அழுதா. நிக்கேன்னேன். வாக்குக் குடுத்தா குடுத்ததுதான். நின்னுகிட்டுத்தான் இருக்கேன்.

இதுக்கு முன்னால ரெண்டு எடம் வந்துச்சு. ஒண்ணு சேரன்மாதேவி, ஒண்ணு முக்கூடல். ரெண்டு பேரும் நல்ல மனுசங்க. அவுகளும் இங்கதான் உக்காந்தாவ, கொஞ்ச நேரம் பேசிகிட்டு இருந்தாவ. அப்புறம் இதே பஸ்ஸுலதான் திரும்புனாவ.

அந்தா வருது பாருங்க. நீங்க எறங்குன வண்டிதான், கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயிட்டுத் திரும்புது. நான் ஏறுங்கன்னு சொல்லலை. நீங்களாத்தான் எந்திரிக்கீய. உங்களைத் தப்புச் சொல்ல முடியாது, ஒரே மகன்னு தரகன் சொன்னான். பத்திரமாப் போங்க. ஏப்பா, கொஞ்சம் நிப்பாட்டு, பெரியவரு ஏறட்டும்.

இருங்க, போனு அடிக்கி. தங்கச்சிதான். நீங்க பேசாம ஏறி உக்காருங்க, சத்தம் காட்டாண்டாம்.

சொல்லு முப்பிடாதி. ஆமா, விலக்குலதான் நிக்கேன். நீ சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலயே வந்துட்டேன். காலையில இருந்து வெயில்ல நிக்கேன். இல்லம்மா. பஸ்ஸு வந்துச்சு, போச்சு, அம்பாசமுத்திரத்து ஆளு வரலை. என்னது? வண்டிமலை என்னங்கான்? பஸ்ஸு நின்ன சத்தம் கேட்டுச்சுங்கானா, ஆளு எறங்கி இருப்பாவங்கானா. கண்ணு தெரிஞ்சவன் நான் இங்க நிக்கேன்லா, யாரும் எறங்கலைன்னு அவன்ட்ட சொல்லு. கனி சேலை கட்டி ரெடியா இருக்காளா. பாவம், மாத்திக்கிடச் சொல்லு. எல்லாத்துக்கும் ஒரு நேரம் வரும். அழாத. பாயசம் வச்சது வச்சாச்சு, வீணாக்க வேண்டாம். நான் வாரேன், எலையைப் போடு.